எடை பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர்

அருள்பிரகாஷ் தங்கமான மனிதன், தோஹாவில் இருந்தவரைக்கும். எட்டு வருடம் அங்கே பைப் வெல்டிங் வேலை. மாதம் தவறாமல் பணம் வரும். "சாப்பிட்டியா, அங்க மழையா?" என்று போன் வரும். அனிட்டாவுக்கு வந்த வாழ்வைப் பார் என்று ஊரே கண் போட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை லீவில் வந்து, சென்ட் மணக்க மணக்கப் போகிறவனைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? கொரோனாவுக்கு அடுத்த வருடம் கம்பெனி ஆட்களைக் கழித்தது. சாரத்திலிருந்து விழுந்து வலது தோளில் பிளேட் வைத்திருந்த இவனைத்தான் முதலில் கழித்தார்கள். மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்கு இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினான். கல்யாணமாகி ஒன்பதாவது வருடத்தில்தான் அனிட்டா தன் புருஷனோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தாள்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் துப்பாக்கி விளையாட்டு. தோஹா ரூமில் கூட இருந்த பயல்கள் ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு காதில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டே சுடுவார்கள். இவனும் சுடுவான். இவன் கம்ப்யூட்டர் நோஞ்சான். எதிரி வருவது இவனுக்குத் தெரிவதற்குள் இவன் செத்திருப்பான். செத்தால் கோபம் வரும். கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பவள் அனிட்டா.

முதலில் கை. பிறகு கையில் கிடைத்தது. மாசி மாதத்தில் ஒருநாள் மவுஸைப் பிடுங்கி, வயரை இரண்டாக மடித்து வீசினான். நுனியில் இருந்த மவுஸ் சுழன்று வந்து அவள் இடது கண்ணில் அடித்தது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்குள் பிய்ந்துபோன திரையை ஒட்டிவைத்தார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டரம்மா கேட்டார். காரில் வரும்போதே மாமியார் மரியபுஷ்பம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அனிட்டா அதை அப்படியே ஒப்பித்தாள். "கொல்லைப் படியில வழுக்கி விழுந்துட்டேங்க."

டாக்டரம்மா அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார். "நல்லா கேட்டுக்கங்க. இந்தக் கண்ணுல இன்னொரு அடி பட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கறுப்பா ஒரு திரை இறங்குற மாதிரி தெரிஞ்சா உடனே ஓடி வரணும். படியில பாத்து நடங்க."

அடித்த குற்றத்துக்கு அருள்பிரகாஷ் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணற்றடியில் போட்டு உடைத்தான். இனிமேல் தொடவே மாட்டேன் என்று மாதா படத்தின்மேல் சத்தியமும் செய்தான். விளையாட்டு இல்லாத சாயங்காலங்களுக்கு ஒயின்ஷாப் இருந்தது. அங்கிருந்து வருகிறவன் கேமில் தோற்றவனைவிட மோசமாக இருந்தான். மரியபுஷ்பம்தான் வழி கண்டுபிடித்தாள். மகனைப் பற்றி ஒரு தாய் எவ்வளவு நல்லவிதமாக யோசிக்க முடியும் என்பதற்கு அவளைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும்.

"அந்தப் பொட்டி ஸ்லோவா இருந்ததாலதான்மா அவனுக்குக் கோவம் வந்துச்சு. நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா அவன் பாட்டுக்கு உக்காந்து ஜெயிப்பான். உன்னை ஏன் அடிக்கப்போறான்?"

சிரிப்பீர்கள். அனிட்டா சிரிக்கவில்லை. பாதி நம்பினாள். பிறந்த வீட்டில் அப்பா மரியஅந்தோணி, "ரெண்டாவது பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கேன், கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஆகவே தன் சம்பளத்தில் தவணை போட்டு வாங்கித் தருவதாக ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை, அவளும் கடைக்கு வருவாள்.

அவளுடைய வேலை மன்னார்குடி அரிசி ஆலை ஒன்றின் எடைமேடையில். நெல் லாரி ஏறி நின்றால் எடை பார்த்துச் சீட்டு தருவாள். பத்து வருடப் பழக்கத்தில் எந்தப் பொருளையும் கையில் வாங்கியதும் எத்தனை கிலோ என்று கை சொல்லிவிடும். அந்த வாரம் முழுக்க லாரிகளுக்கு நடுவே அவள் கம்ப்யூட்டர் பாகங்களைத்தான் மனசுக்குள் எடைபோட்டுக்கொண்டிருந்தாள். எது கனம், எதற்கு முனை இருக்கிறது, எதற்கு வயர் இருக்கிறது, எது உடைந்தால் சில்லு தெறிக்கும். எந்த முட்டாளும் இப்படிக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்க மாட்டான். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கடை தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. நடத்துகிறவள் ஆயிஷா, முப்பது வயதிருக்கும். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பட்ஜெட் சார்?"

"நாப்பதாயிரம். கேமிங்குக்கு வேணும்."

"கிராபிக்ஸ் கார்டு விலையெல்லாம் ஏறிக்கெடக்கு சார். பரவால்ல, எங்கெங்க குறைக்கணும்னு தெரிஞ்சா பண்ணிடலாம்."

எங்கெங்கே குறைக்க வேண்டும் என்று அனிட்டாவுக்குத் தெரியும்.

புராசஸர், போர்டு, ராம் இவற்றில் அவளுக்குத் தகராறு எதுவுமில்லை. புராசஸர் பிஸ்கட் அளவுதான், அதை எறிந்தால் பல்லிகூடச் சாகாது. பழைய மாடல் ஹார்டு டிஸ்க் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவன் எடுத்தபோது, அந்த இரும்புக் கட்டியைப் பார்த்து, "எஸ்எஸ்டி ஒண்ணே போதுங்க, அதுதான் ஸ்பீடு" என்றாள். போனில் பார்த்துப் படித்துவைத்திருந்தாள். ஆயிஷாவும் அதுதான் சரி என்றாள். திரைக்கு வீட்டுச் சுவரில் திருகி மாட்டியிருந்த டிவியே போதும் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

தகராறு கேபினட்டில் வந்தது. பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட், மற்றதெல்லாம் கெட்டி இரும்பு. அருள்பிரகாஷ் அதைத் தடவிக் கொடுத்தான். அனிட்டாவுக்கு அந்தக் கண்ணாடியைப் பார்த்ததுமே இடது கண்ணில் தண்ணீர் வந்தது.

"இது வேண்டாங்க."

"ஏன்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான். சிரித்துக்கொண்டே கேட்டால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

"விலை கூட. அந்தக் காசைக் கார்டுல போட்டா படம் திக்காம ஃபிரேம் இன்னும் நல்லா வரும்ல?"

ஃபிரேம் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததில் அவன் அசந்துபோனான். ஆயிஷா நிமிர்ந்து, ஆபரேசனுக்குப் பிறகு அனிட்டா போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தாள். இந்த அக்கா ஒவ்வொரு பொருளையும் உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பதை அவள் முதலிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா சொல்றது சரிதான் சார். கண்ணாடி வச்சா சூடு வெளிய போகாது. இந்தத் தகரத்துல வலை மாதிரி ஓட்டை போட்டது எடுங்க. வெயிட்டே கெடையாது."

அதற்குள் அவனுக்குத் துபாயிலிருந்து ஒரு கூட்டாளியின் போன் வந்தது. பேசிக்கொண்டே மாடிப்படியில் இறங்கிப் போனான். ஆயிஷா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"எதால அடிச்சாரு அக்கா?"

யாரும் அதுவரை அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. அடித்தானா என்றுகூடக் கேட்டதில்லை.

"மவுஸ் வயருல."

ஆயிஷா மேஜையில் எடுத்து வைத்திருந்த வயர் கீபோர்டையும் வயர் மவுஸையும் திரும்ப உள்ளே வைத்தாள். பின்னல் வயர் போட்ட ஹெட்செட்டையும் எடுத்துவிட்டாள். வயர் இல்லாத மவுஸும் காதில் செருகும் குட்டி ஹெட்செட்டும், கூடவே வயர் இல்லாத கீபோர்டு ஒன்றும் எடுத்துத் தந்தாள். அப்பளக்கட்டு கனம்கூட இல்லை.

"இதெல்லாம் வாங்குறதுக்கு பதிலா வேற எங்கயாவது போயிடலாம்ல அக்கா?"

"எங்க போறது?"

மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரும் ஃபிரேம் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வயர்லெஸ்ஸில் லேக் அடிக்குமே, அழுத்தினால் தாமதமாகுமே என்று அவன் இழுத்தான். இந்த மாடலில் தெரியவே தெரியாது என்று ஆயிஷா அடித்துச் சொன்னாள். இதிலும் மிச்சமான காசு கார்டுக்குப் போனது. அருள்பிரகாஷுக்கு வாயெல்லாம் பல். அவன் நினைத்ததைவிட ஒரு படி மேலான கார்டு அவனுக்குக் கிடைத்தது.

"உங்க பக்கம் பம்புசெட்டு உண்டா சார்?" என்று கடைசியாகக் கேட்டாள் ஆயிஷா.

இல்லாமலா? வீட்டை ஒட்டியே ரெங்கசாமியின் வயல். மூன்று பேஸ் கரண்ட் இல்லாத நேரத்திலும் மனிதர் கண்டன்சர் மாட்டி மோட்டாரை ஓட்டிவிடுவார். அவர் சுவிட்சைப் போட்டதும் தெருவில் உள்ள லைட்டெல்லாம் அழுது வடியும். அப்படியானால் யூபிஎஸ் இல்லாமல் புதுக் கார்டு ஒரு மாதம் தாங்காது என்றாள் ஆயிஷா. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து இரண்டு கையாலும் ஒன்றை இழுத்து மேஜையில் வைத்தாள். மேஜை அதிர்ந்தது.

அனிட்டா அதைத் தூக்கிப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். எட்டரைக் கிலோ. பெட்டியின்மேல் இருந்த சீட்டைப் பார்த்த ஆயிஷா ஆமாம் என்று தலையசைத்தாள். கனமான பொருளை அருள்பிரகாஷின் வலது தோள் இடுப்புக்கு மேல் தூக்காது. அவனால் தூக்க முடியாததை வைத்து அவன் என்ன செய்துவிடப் போகிறான்? அடிப்பது என்றால் அந்தத் தோளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, அறைவதற்கு அவ்வளவு உயரம் தேவைப்படாது. அதை மட்டும் அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

"இதையும் போடுங்க," என்றாள்.

சில வாரங்கள் நன்றாகத்தான் போயின. கம்ப்யூட்டர் பறந்தது. அவன் ஜெயித்தான். ஜெயித்த அன்று அல்வா வாங்கி வந்தான். "நான் சொன்னேன்ல?" என்று மரியபுஷ்பம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். ஒருநாள் தோற்றபோது கீபோர்டைத் தூக்கி அனிட்டாவின் முதுகில் எறிந்தான். அது பட்டுக் கீழே விழுந்தது, அவ்வளவுதான். தழும்புகூட இல்லை. அன்று பாத்திரம் தேய்க்கும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு பெண் எதற்கெல்லாம் பெருமைப்பட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அனிட்டா மீன் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். அருள்பிரகாஷ் காலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. நூறு பேர் இறங்கிய ஆட்டத்தில் இரண்டே பேர் மிச்சம், இவன் ஒருவன். காதில் கூட்டாளிகள் கத்திக்கொண்டிருந்தார்கள். தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு அவள் உள்ளே வந்த நேரத்தில், ரெங்கசாமி மோட்டார் சுவிட்சைப் போட்டார்.

லைட் மங்கியது. யூபிஎஸ் கீ கீ என்று கத்தியது. அந்தப் பெரிய கார்டு இழுத்த இழுப்பை அதால் தாங்க முடியவில்லை. திரை பட்டென்று அணைந்தது.

வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவன் எழுந்தான். கீபோர்டை எடுத்து அவள் தலையில் அடித்தான். அது இரண்டாக முறிந்தது. எழுத்துக் கட்டைகள் பொரி போலச் சிதறி, தட்டிலும் சோற்றிலும் விழுந்தன. அவளுக்கு வலிக்கவே இல்லை. அவன் கையில் அரை கீபோர்டோடு நின்ற கோலத்தைப் பார்த்ததும், மாதாவே, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்திருக்கக் கூடாது. அவன் மவுஸை எடுத்து எறிந்தான். அது அவள் தோளில் பட்டு ஒரு பூச்சியைப் போல விழுந்தது. கேபினட்டை உதைத்தான், தகரம் நெளிந்து உள்ளே போனது. கையில் எடுக்க இனி என்ன இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தான். டிவி சுவரோடு திருகியிருந்தது, யூபிஎஸ் அவன் தோளுக்கு ஆகாது. அந்த அறையில் அவனுக்கென்று ஒன்றுமில்லை. முறிந்த கீபோர்டைத் திரும்ப எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆட்டிப் பார்த்தான், கடையில் அவள் ஆட்டிப் பார்த்ததைப் போலவே. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பாத்துப் பாத்து வாங்கியிருக்கியேடி. ஃபிரேமு, ஃபிரேமுன்னு சொன்னது இதுக்குத்தானா?"

அவள் பின்னால் நகர்ந்தாள்.

"இந்தக் கை இருக்கே. இதை எந்தக் கடையில மாத்துவ?"

கன்னத்தில் விழுந்த முதல் அறைக்கே தட்டு பறந்தது. இரண்டாவதில் சுவரில் மோதினாள். சேலையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தி வைத்து அடித்தான். முகத்தை மூடிய கைகளைப் பிய்த்து விலக்கிவிட்டு அடித்தான். உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் போனது. சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்ற மரியபுஷ்பம் அலறினாள்.

"மூஞ்சில அடிக்காதடா! ஆபரேசன் பண்ணுன கண்ணுடா அது!"

அடிக்காதே என்று சொல்லவில்லை. மூஞ்சியில் அடிக்காதே என்றுதான் சொன்னாள். அதையும் அவன் கேட்கவில்லை. அடுத்த அடி இடது கண்ணின்மேல் புறங்கையாக விழுந்தது. அனிட்டா சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணுக்குள் மின்னல் மாதிரி ஏதோ வெட்டியது. பிறகு மேலே ஒரு மூலையிலிருந்து கறுப்பாக, மெதுவாக, ஒரு திரை இறங்கியது.

இதற்காகத்தான் அத்தனையும் எடைபோட்டாள். இதற்காகத்தான் ஃபிரேம் என்று படித்தாள். எல்லாம் போயிற்று.

அவனுக்கு மூச்சு வாங்கியது, கோபம் இறங்கியது. இறங்கியதும் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. "இந்த எழவு யூபிஎஸ்தான் எல்லாத்துக்கும் காரணம்," என்று அதன் வயர்களைப் பிடுங்கி ஒரு பக்கமாகக் காலால் தள்ளினான். தரையில் மண்டியிட்டு, சிதறிக் கிடந்த எழுத்துக் கட்டைகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். வலது கையைத் தரையில் விரித்து ஊன்றிக்கொண்டான். தோளில் பிளேட் வைத்தவன், ஊன்றாமல் அவனால் குனிய முடியாது. "ஒட்ட வச்சா வேலை செய்யும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அனிட்டா எழுந்தாள். யூபிஎஸ்ஸை இரண்டு கையாலும் தூக்கினாள். எட்டரைக் கிலோ. நெஞ்சுக்கு மேலே வரைக்கும் தூக்கினாள். முதலில் அது அவன் தலைக்கு நேராகத்தான் இருந்தது. பிடரியில் வேர்வை வழிவது ஒற்றைக் கண்ணில் நன்றாகத் தெரிந்தது. விட்டால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஒரு சாண் நகர்ந்தாள். ஊன்றியிருந்த வலது கைக்கு நேராகப் பிடித்து, விட்டாள்.

எலும்பு நொறுங்கிய சத்தம் மோட்டார் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவன் போட்ட கூச்சலில் ரெங்கசாமி மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். இத்தனை மாதத்தில் அனிட்டா போட்ட கூச்சல் எதற்கும் அவர் மோட்டாரை நிறுத்தியதில்லை.

ஒரே வாடகைக் காரில் மூன்று பேரும் தஞ்சாவூர் போனார்கள். ஒரு ஓரத்தில் மகன், துண்டில் சுற்றிய கையோடு. மறு ஓரத்தில் மருமகள், முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு. நடுவில் மரியபுஷ்பம், ஜெபமாலையை உருட்டிக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. யூபிஎஸ்ஸைத் தூக்கி வைக்கும்போது தவறிக் கையில விழுந்துடுச்சு. பதறி ஓடி வந்ததுல அவ படியில வழுக்கிட்டா. அவ்வளவுதான். குடும்ப மானம் உங்க வாயிலதான் இருக்கு."

அவசர சிகிச்சைப் பிரிவில் அதே டாக்டரம்மாதான் இருந்தார். அனிட்டாவின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு லைட்டை அணைத்தார். பக்கத்துக் கட்டிலில் அருள்பிரகாஷின் கையைப் பரிசோதித்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டும் எழுதிக்கொள்ள வந்து நின்றார்.

அருள்பிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவன் பயந்தது கல்யாணமானதிலிருந்து அன்றுதான் முதல் தடவை.

"யூபிஎஸ் சார். நானே தூக்கினேன். கை தவறி விழுந்துடுச்சு," என்றான்.

டாக்டரம்மா அனிட்டா பக்கம் திரும்பினார். "நீங்க? மறுபடியும் படியா?"

மரியபுஷ்பம் மருமகளின் கையைப் பிடித்து இறுக்கினாள். அனிட்டா அந்தக் கையை மெதுவாகப் பிரித்து எடுத்து, மாமியாரின் மடியிலேயே வைத்தாள்.

"இல்லீங்க. அன்னைக்கும் படி இல்ல, இன்னைக்கும் படி இல்ல. அன்னைக்கு மவுஸ் வயரு. இன்னைக்கு அவரு கை. அந்தக் கை மேல தவறி எதுவும் விழல, நான்தான் தூக்கிப் போட்டேன். எட்டரைக் கிலோ."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, யோசிச்சுச் சொல்லு. இதை எழுதினா உன்மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும் சார்," என்றாள் அனிட்டா. "ரெண்டையும் எழுதுங்க. என் கண்ணை விட்டுட்டு அவரு கையை மட்டும் எழுதிடாதீங்க."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை. பக்கத்திலேயே நின்று, மிச்சமிருந்த ஒரு கண்ணால் ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தாள்.